எழுத்துத் திரை அஞ்சல்: அமைப்புக் கோப்பின் வரலாறு

சுட்டியோ பொத்தானோ படமோ இல்லாமல், விசைப்பலகையை மட்டும் நம்பி மின்னஞ்சலைப் படிக்கவும் எழுதவும் அடுக்கி வைக்கவும் உதவுபவை எழுத்துத் திரை அஞ்சல் நிரல்கள். எல்ம், பைன், மட் ஆகிய மூன்றும் இவற்றுள் பெயர்பெற்றவை. நிறுவியவுடன் இவை முழுமையாக வேலை செய்துவிடுவதில்லை. மடலை எங்கிருந்து எடுப்பது, எந்த நிரலிடம் கொடுத்து அனுப்புவது, எந்த எழுத்துக் குறியேற்றத்தில் காட்டுவது, இணைப்புகளை எதில் திறப்பது என்று பயன்படுத்துபவர் ஓர் அமைப்புக் கோப்பில் வரி வரியாக எழுதித் தர வேண்டும். அந்த வரிகளுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் நேர்ந்த பழுதுக்குக் கண்ட தீர்வுகள். அதனால் இந்த நிரல்களை அமைக்கும் கலையின் வரலாறும், அவற்றின் பழுது பார்க்கும் கலையின் வரலாறும் ஒன்றாகவே வளர்ந்தன.

தொடக்கத்தில் அமைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1965-இல் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வுக் கணினிக்கு டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் இருவரும் மெயில் என்ற கட்டளையை எழுதினார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கணினியைப் பயன்படுத்துபவர்கள். மடல் பெறுபவரின் கோப்பில் போய்ச் சேர்ந்தது. 1971-இல் பி.பி.என். நிறுவனத்தின் ரே டாம்லின்சன், அருகருகே நின்ற இரண்டு பி.டி.பி.-10 கணினிகளுக்கிடையே ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்பு வழியாக மடல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே @ குறியை இட்டவரும் அவரே.

அனுப்புவது எளிதானதும் படிப்பது தொல்லையானது. ஆர்ப்பாநெட்டை உருவாக்கிய ஆர்ப்பா முகமையின் இயக்குநராக இருந்த ஸ்டீவ் லுகாசிக்குக்கு மடல்கள் குவிந்தன. வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்க வழியில்லை. அவருடைய குறையைத் தீர்க்க 1972-இல் லாரி ராபர்ட்ஸ், டெகோ என்ற உரைத் தொகுப்பியின் மேக்ரோக்களைக் கோத்து ஆர்.டி. என்ற நிரலை எழுதினார். மடல்களின் பட்டியலைப் பார்த்து வேண்டியதைத் தேர்ந்து படிக்க அது உதவியது. அதன் வழித்தோன்றல்களில் 1975-இல் ஜான் விட்டல் எழுதிய எம்.எஸ்.ஜி. முக்கியமானது. பதில் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை நிரலே கண்டறிந்து முகவரிகளை நிரப்பும் கட்டளை அதில் இருந்தது. இன்று எந்த அஞ்சல் நிரலிலும் இருக்கும் பதில் பொத்தானின் மூதாதை அதுதான்.

யூனிக்ஸில் 1971-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே மெயில் கட்டளை இருந்தது. ஆனால் மிக எளியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1978-இல் கர்ட் ஷோன்ஸ் எழுதிய பெர்க்லி மெயில்தான் பயனர் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் பழக்கத்தை யூனிக்ஸ் உலகில் பரப்பியது. வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் மெயில்ஆர்சி என்ற சிறு கோப்பு இருக்கும். நீண்ட முகவரிகளுக்குச் செல்லப்பெயர் சூட்டுவது, நகல் யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்வது, மடலின் தலைப்பகுதியில் வரும் வழித்தடக் குறிப்புகளை மறைப்பது ஆகியவை அதில் எழுதப்பட்டன. வழித்தடக் குறிப்புகளை மறைக்கும் வசதி சிறியதாகத் தோன்றும். ஆனால் மடல் பிசகியபோது முதலில் பார்க்க வேண்டியவை அந்தக் குறிப்புகளே என்பதால், மறைத்ததைத் திரும்பக் காட்டும் கட்டளையும் கூடவே வந்தது. இன்றைய மட் நிரலில் 'ஹெச்' விசையை அழுத்தினால் முழுத் தலைப்பகுதியும் விரிவது அதே வழக்கத்தின் தொடர்ச்சி.

இதே ஆண்டுகளில் அஞ்சல் வேலை இரண்டாகப் பிரிந்தது. படிப்பதும் எழுதுவதும் ஒரு நிரலின் பொறுப்பு. ஊர் விட்டு ஊர் கொண்டுசேர்ப்பது வேறொரு நிரலின் பொறுப்பு. எரிக் ஆல்மன் எழுதி 1983-இன் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு பரவிய சென்ட்மெயில் இந்தப் பிரிவினையை நிலைநாட்டியது. எழுதிய மடலைப் படிப்பி நிரல் சென்ட்மெயிலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழுது பார்ப்பவருக்கு இதனால் ஒரு புதுக் கேள்வி பிறந்தது: மடல் எந்தக் கையில் நின்றது? படிப்பியிலேயே தங்கிவிட்டதா, உள்ளூர் வரிசையில் காத்திருக்கிறதா, எதிர்க் கணினி ஏற்க மறுத்ததா? இதைக் கண்டறிய நிர்வாகிகள் கையாண்ட முறை நேரடியானது. டெல்நெட் கட்டளையால் எதிர்க் கணினியின் 25-ஆம் துறையைத் திறந்து, அஞ்சல் நிரல் பேச வேண்டிய எஸ்.எம்.டி.பி. உரையாடலைத் தாங்களே தட்டச்சு செய்வார்கள். 220 என்று வணக்கம் வரும். ஒவ்வொரு வரிக்கும் 250 என்று சம்மதம் வரும். மடலின் உடலை அனுப்பலாம் என்பதற்கு 354. முகவரி ஏற்கப்படவில்லை என்றால் 550. எந்த வரியில் எண் மாறுகிறதோ அங்கேதான் பழுது. 1982-இல் வரையறுக்கப்பட்ட இந்த எண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அஞ்சல் பிழைகளைப் புரிந்துகொள்ள விரும்புபவர் ஒருமுறையாவது இந்த உரையாடலைக் கையால் நடத்திப் பார்ப்பது நல்லது; எந்தக் கையேடும் அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

1986-இல் ஹியூலட்-பேக்கர்டில் இருந்த டேவ் டெய்லர் எல்ம் நிரலை வெளியிட்டார். பெர்க்லி மெயில் வரி வரியாகக் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வகை. எல்ம் முழுத் திரையையும் எடுத்துக்கொண்டது: மடல்களின் பட்டியல், அதன்மேல் நகரும் சுட்டுக்கோடு, கீழே ஒற்றை எழுத்துக் கட்டளைகள். முழுத் திரை வந்ததும் முனையத்தின் தொல்லைகளும் வந்தன. அன்று பலவகை முனையங்கள் புழக்கத்தில் இருந்தன. திரையைத் துடைக்கவும் திரைக்குறியை நகர்த்தவும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குறி வரிசைகள். முனையத்தின் பெயரை ஒரு சூழல் மாறி வழியாகச் சொன்னால் மட்டுமே நிரல் சரியான குறிகளை அனுப்பும். பெயர் தவறினால் பட்டியல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுத் திரை குப்பையாகும். எந்த வகையென்று தெரியாதபோது 1978-இல் வந்த வி.டி.100 முனையத்தின் பெயரைக் கொடுப்பது வழக்கமாயிற்று, ஏனெனில் பின்வந்த முனையங்களும் முனைய நிரல்களும் அதையே பின்பற்றின.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பழுதுகள் இன்றும் புதியவர்களைத் திகைக்க வைக்கின்றன. பின்னழிப்பு விசையை அழுத்தினால் எழுத்து அழியாமல் ஒரு கூம்புக் குறியும் கூடவே வேறொரு குறியும் திரையில் விழும். முனையம் அனுப்பும் குறியும் கணினி எதிர்பார்க்கும் குறியும் வேறாக இருப்பதே காரணம்; எஸ்டிடிஒய் கட்டளையால் அழிப்பு விசை எது என்று சொல்லிவிட்டால் தீரும். மற்றது, மடலைச் சேமிப்பதாக நினைத்துக் கன்ட்ரோல்-எஸ் அழுத்துவது. திரை உறைந்துவிடும்; நிரல் செத்துவிட்டது என்று பலர் முனையத்தையே மூடிவிடுவார்கள். அது தட்டச்சுப்பொறி முனையங்களின் காலத்திலிருந்து வந்த 'நிறுத்து' சைகை. கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் திரை உயிர்பெறும். எழுதியது ஒன்றும் போகாது.

வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் அலுவலகப் பணியாளர்களுக்காக 1989-இல் எல்மைத் திருத்தி எளிமைப்படுத்தத் தொடங்கியது. அந்தத் திருத்தம் வளர்ந்து பைன் என்ற தனி நிரலாயிற்று. கணினியறிவு குறைந்தவர்களை முதன்மைப் பயனர்களாகக் கொண்டதுதான் பைனின் சிறப்பு. எப்போதும் திரையின் அடியில் இரண்டு வரிகளில் அப்போதைக்குரிய கட்டளைகள் தெரியும். அமைப்புக் கோப்பு இருந்தாலும் அதைக் கையால் தொட வேண்டியதில்லை; நிரலுக்குள்ளேயே அமைப்புத் திரை ஒன்றில் ஒவ்வொரு தெரிவுக்கும் நேரே குறியிட்டுக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் அங்கேயே கிடைக்கும். எழுதுவதற்கு பைக்கோ என்ற சிறு தொகுப்பி உடன் வந்தது. ஐமேப் நெறிமுறையை 1986-இல் வகுத்த மார்க் கிரிஸ்பின் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியதால், தொலைவில் உள்ள சர்வரிலேயே மடல்களை வைத்துப் படிக்கும் வசதி பைனுக்கு மற்ற நிரல்களைவிட முன்பே நன்கு அமைந்தது.

இந்தியாவில் மின்னஞ்சல் கல்வி நிறுவனங்களின் வழியாக வந்தது. 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாய் என்.சி.எஸ்.டி.யும், மின்னணுவியல் துறையும் பங்கேற்றன. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கியபோது, அன்று மதராஸாக இருந்த சென்னையும் அதில் சேர்ந்தது. படங்களோடு இணையத்தைப் பார்க்க உதவும் கணக்குக்குக் கட்டணம் அதிகம். 'ஷெல் அக்கவுன்ட்' என்று அழைக்கப்பட்ட எழுத்து மட்டுமான கணக்கு மலிவு. மோடத்தைத் தொலைபேசியில் இணைத்து, வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, பைனில் மடல் படித்து லின்க்ஸ் என்ற எழுத்து உலாவியில் வலை பார்த்த மாணவர் தலைமுறை ஒன்று அப்படி உருவானது. அந்தத் தலைமுறை மிக அஞ்சியது லைன் அறுந்துபோவதைத்தான். எழுதிக்கொண்டிருந்த மடல் பாதியில் நின்றுவிடும். பைன் அதையும் எண்ணியிருந்தது: இணைப்பு அறுந்ததை உணர்ந்தவுடன் பாதி மடலைத் தனிக் கோப்பில் சேமித்து, அடுத்த முறை எழுதத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்கும். பயனரின் துன்பம் தெரிந்து எழுதப்பட்ட நிரலுக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

லைன் அறுந்தால் இன்னொரு தீங்கும் நேரும். அதைப் புரிந்துகொள்ள அஞ்சல்பெட்டியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். யூனிக்ஸின் பழைய அஞ்சல்பெட்டி ஒரே நீளக் கோப்பு. வரும் மடல்கள் எல்லாம் அதன் அடியில் ஒட்டப்படும். 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அங்கே புதிய மடல் தொடங்குவதாகப் பொருள். யாராவது தம் மடலின் நடுவே அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு வரியைத் தொடங்கினால் மடல் இரண்டாகப் பிளக்கும். அதைத் தடுக்க, பெட்டியில் சேர்க்கும் நிரல் அப்படிப்பட்ட வரியின் முன் '>' குறியைச் செருகிவிடும். பழைய மடல்களில் காரணமின்றி அந்தக் குறி தென்படுவது இதனால்தான்.

ஒரே கோப்பில் மடலைக் கொண்டுவரும் நிரலும் படிக்கும் நிரலும் ஒரே நேரத்தில் எழுதினால் பெட்டி சிதையும். எனவே பூட்டு வேண்டும். ஆனால் பூட்டு ஒரே வகையாக அமையவில்லை. பக்கத்தில் 'லாக்' என்று முடியும் வெற்றுக் கோப்பை வைப்பது ஒரு முறை. இயக்குதளத்தின் உட்கருவான கெர்னலிடமே பூட்டச் சொல்லும் அழைப்புகள் வேறு இரண்டு. கொண்டுவருபவர் ஒரு முறையையும் படிப்பவர் இன்னொன்றையும் கையாண்டால், இரண்டு பேரும் பூட்டியும் கதவு திறந்தே கிடக்கும். பெட்டி வலையமைப்பு வழியாகப் பகிரப்பட்ட வட்டில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இணைப்பு அறுந்து நிரல் திடீரென நின்றுவிட்டாலோ பூட்டுக் கோப்பு மட்டும் அனாதையாகத் தங்கிவிடும். அடுத்த முறை நுழையும்போது அஞ்சல்பெட்டியைப் பூட்ட முடியவில்லை என்றோ, படிக்க மட்டுமே அனுமதி என்றோ செய்தி வரும். பழைய நிரல் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு அந்தக் கோப்பை அழிப்பதே தீர்வு. உறுதிசெய்யாமல் அழித்தவர்கள் மடல்களை இழந்தார்கள். மட் நிரல் பூட்டுவதற்கென்றே மட்-டாட்லாக் என்ற சிறு நிரலை வைத்துக்கொண்டு, அஞ்சல் அடைவில் எழுதும் சிறப்பு அனுமதியை அதற்கு மட்டும் அளித்தது.

பூட்டே வேண்டாத வழியை டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களின் நடுவில் க்யூமெயில் என்ற கொண்டுசேர்ப்பு நிரலோடு கொண்டுவந்தார். மெயில்டிர் என்ற அந்த அமைப்பில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. தற்காலிகம், புதியது, நடப்பு என மூன்று உள்ளடைவுகள். மடல் முதலில் தற்காலிக அடைவில் முழுவதும் எழுதப்படும். முடிந்த பின்பே ஒரே அசைவில் 'புதிய' அடைவுக்கு மாற்றப்படும். பாதி மடலை யாரும் பார்க்க நேராது. ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்ற எண்ணம் ராண்ட் நிறுவனத்தில் 1979-இல் புரூஸ் போர்டன் எழுதிய எம்.ஹெச். நிரலிலேயே இருந்தது, பூட்டை ஒழிக்கும் வகையில் அதைச் செம்மைப்படுத்தியது பெர்ன்ஸ்டைனின் பங்கு. புதிதாகத் தொடங்குபவருக்கு மெயில்டிரைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க இன்று காரணமில்லை.

1992 வரை அஞ்சல் தரத்தில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்த ஆண்டு நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் தரத்தை வகுத்தார்கள். படம், ஒலி, பிறமொழி எழுத்து எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி மடலுக்குள் வைக்க வழி பிறந்தது. எழுத்துத் திரை படத்தைக் காட்டாது; அதனால் எந்த வகைக் கோப்பை எந்த நிரலால் திறப்பது என்று சொல்லும் மெயில்கேப் என்ற தனிக் கோப்பு தோன்றியது. இதில் ஒரு பழுது மிகப் பழையது, இன்றும் நடப்பது. ஹெச்.டி.எம்.எல். மடலை உலாவியில் திறக்கும்படி அமைத்தால் வெற்றுப் பக்கம் வரும். மட் மடலைத் தற்காலிகக் கோப்பில் எழுதி உலாவியை அழைக்கிறது. ஏற்கனவே திறந்திருக்கும் உலாவி வேலையை ஏற்றுக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறது. வேலை முடிந்ததென்று எண்ணி மட் கோப்பை அழித்துவிடுகிறது. உலாவி படிக்கப் போகும்போது கோப்பு இல்லை. மடலை லின்க்ஸ் அல்லது டபிள்யூ3எம் என்ற எழுத்து உலாவியைக் கொண்டு வெற்று எழுத்தாக மாற்றித் திரையிலேயே காட்டச் சொல்வதுதான் நல்ல தீர்வு. அதற்கு மெயில்கேப் வரியின் கடைசியில் 'காப்பியஸ்-அவுட்புட்' என்ற சொல் இருக்க வேண்டும். அது விடுபட்டால் மட் அந்த வரியைத் தானாகக் காட்டுவதற்குப் பயன்படுத்தாது. பலரும் மணிக்கணக்கில் தேடுவது இந்த ஒரு சொல்லைத்தான்.

மட் நிரலை மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கினார். எல்மின் தோற்றத்தையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு, இழை இழையாக மடல்களை அடுக்குவது, நிறங்கள், தேடல் வடிவங்கள், பி.ஜி.பி. மறைகுறியாக்கம் ஆகியவற்றைச் சேர்த்தார். பி.ஜி.பி.யை மைமோடு இணைக்கும் 1996-ஆம் ஆண்டின் தரக்குறிப்பு ஆர்.எஃப்.சி. 2015-ஐ எழுதியவரும் அவரே. அதனால் மறைகுறி மடல்களைக் கையாள்வதில் மட் தொடக்கத்திலேயே முன்னணியில் நின்றது. எல்லா அஞ்சல் நிரல்களும் குறையுள்ளவை, மட்டின் குறை சற்றுக் குறைவு என்பதாக அமைந்த அவருடைய விளம்பர வாசகம் பின்னர் புகழ்பெற்றது.

மட்டின் அமைப்புக் கோப்பு அதற்கு முந்தையவற்றைப் போல விருப்பங்களின் பட்டியல் மட்டுமன்று. ஒரு கோப்புறைக்குள் நுழையும்போது, ஒருவருக்கு எழுதத் தொடங்கும்போது என்று நேரத்திற்கேற்ப ஓடும் கட்டளைகளை அதில் எழுதலாம். இவற்றுக்குக் கொக்கிகள் என்று பெயர். ஆற்றல் கூடியது, பழுதும் நுட்பமானது. அலுவலக முகவரிக்கு எழுதும்போது கையொப்பத்தை மாற்றும்படி ஒரு கொக்கி போட்டால், அடுத்து நண்பருக்கு எழுதும் மடலிலும் அலுவலகக் கையொப்பமே வரும். கொக்கி ஒரு மதிப்பை மாற்றும். பழைய மதிப்புக்குத் தானாகத் திரும்பாது. ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் பொதுக் கொக்கி ஒன்றை முதலில் எழுதி, சிறப்பானவற்றை அதன் கீழே எழுத வேண்டும். வரிசை மாறினால் பொதுவானது சிறப்பானதை விழுங்கிவிடும். மட் தொடர்பான குழப்பங்களில் பெரும்பங்கு இந்த வரிசைப் பிழையால் வருவது.

மட் ஒரு கெர்னல் முடிவிலேயே இடம்பெற்ற கதையும் உண்டு. பழைய அஞ்சல்பெட்டியில் புது மடல் வந்திருக்கிறதா என்பதை நிரல்கள் இரண்டு நேரக் குறிகளைக் கொண்டு அறிந்தன: கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம், கடைசியாக எழுதப்பட்ட நேரம். எழுதிய நேரம் பிந்தியது என்றால் படிக்காத மடல் இருக்கிறது. ஆனால் கோப்பைப் படிக்கும்போதெல்லாம் படித்த நேரத்தை வட்டில் எழுதுவது கணினியைத் தாமதப்படுத்தியது. அதை நிறுத்தியவர்களுக்குக் கணினி வேகமாயிற்று. புது மடல் அறிவிப்போ குழம்பிப்போனது. இந்த முரணைத் தீர்க்க லினக்ஸில் ரெல்அடைம் என்ற நடுவழி பிறந்தது. படித்த நேரம் எழுதிய நேரத்தைவிடப் பழையதாக இருந்தால் மட்டும் அதைப் புதுப்பிப்பது என்பது அதன் அடிப்படை விதி. மட் போன்ற நிரல்களுக்கு இது போதும். 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.30-இல் அதுவே இயல்பு அமைப்பாயிற்று. உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்கள் இன்று வட்டில் நேரம் குறிக்கும் முறையில் ஓர் எழுத்துத் திரை அஞ்சல் நிரலின் சுவடு இருக்கிறது.

தமிழுக்கு எழுத்துத் திரை எப்போதும் இடர் தந்தது. திஸ்கி போன்ற 8-பிட் குறியேற்றங்களில் எழுதிய மடல்கள் பெரும்பாலும் லத்தீன் எழுத்து என்ற தவறான முத்திரையோடே வந்தன. எழுத்துருவை மட்டும் மாற்றிப் படித்தவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. யூனிகோடுக்கு மாறிய முனையத்தில் மட் அந்த முத்திரையை நம்பி எழுத்தை மாற்ற, திரையில் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் வரிசையாக நின்றன. மடலின் மேல் நின்று கன்ட்ரோல்-ஈ அழுத்தி, குறியேற்றத்தின் பெயரைத் திஸ்கி என்று திருத்தினால் மடல் சரியாகும், ஜி.லிப்.சி. நூலகம் திஸ்கியை மாற்றும் வசதியைக் கொண்டிருப்பதால் இது இயலும். பழைய தமிழ் மடல்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைக்க இது எளிய வழி.

யூ.டி.எஃப்-8 வந்த பின் முத்திரைச் சிக்கல் தீர்ந்தது. நீளச் சிக்கல் எழுந்தது. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். குவோட்டட்-பிரிண்டபிள் முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாகும். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறிகள், 15 பைட்டுகள். மடலின் பொருள் வரியில் அது 45 எழுத்துகளாக விரியும். பேஸ்-64 முறையில் 20 போதும். குறியேற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதியாதலால், நீண்ட தமிழ்த் தலைப்பு பல துண்டுகளாகும். எழுத்தின் நடுவே பைட்டைப் பிளக்கும் பிழையான நிரலிலிருந்து வந்தால் கேள்விக்குறிகள் முளைக்கும். இவற்றுக்குத் தீர்வு உண்டு. தீராதது முனையத்தின் கட்டம்தான். வி.டி.100 வழிவந்த முனையம் ஓர் எழுத்துக்கு ஒரு சம அகலக் கட்டம் என்று எண்ணுகிறது. 'கொ' போன்ற எழுத்தில் ஒரே உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. எம்எல்டெர்ம் போன்ற சில முனையங்கள் இந்திய மொழிகளுக்கெனத் தனியே உழைத்திருக்கின்றன. மற்றவற்றில் பட்டியலின் நேர்கோடுகள் கலைவதும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் இன்றும் நடக்கின்றன. இது மட்டின் குறையன்று. எத்தனை அமைப்பு வரிகள் எழுதினாலும் போகாது.

வீட்டுக் கணினிகள் பெருகியபோது மடல் தொலைவில் இருக்கும் சர்வரில் தங்கியது. 1996-இல் எரிக் ரேமண்ட் வெளியிட்ட ஃபெட்ச்மெயில் அதை எடுத்துவந்து உள்ளூர்ப் பெட்டியில் சேர்த்தது. கடவுச்சொல் அதன் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக இருந்ததால், அந்தக் கோப்பைப் பிறர் படிக்க அனுமதி இருக்குமானால் ஃபெட்ச்மெயில் ஓடவே மறுக்கும். சரியான கண்டிப்பு அது. அனுப்பும் பக்கத்தில் மட் நெடுங்காலம் பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டது: அனுப்புவது சென்ட்மெயிலின் வேலை. மடிக்கணினியில் சென்ட்மெயிலை நிறுவி அமைப்பது பாரமாக, எம்.எஸ்.எம்.டி.பி. போன்ற சிறு நிரல்கள் அந்த இடத்துக்கு வந்தன. 2007-இல் வந்த 1.5.15 பதிப்பில்தான் மட் தானே எஸ்.எம்.டி.பி. பேசத் தொடங்கியது.

மறைகுறி இணைப்பு பரவியதும் துறை எண்கள் குழப்பின. ஐமேப்புக்கு 143 வெளிப்படையாகத் தொடங்குவது, 993 தொடக்கத்திலிருந்தே மறைகுறியானது. அனுப்புவதற்கு 587 முன்னது போல, 465 பின்னது போல. எண்ணையும் முறையையும் மாற்றிப் பொருத்தினால் இணைப்பு தொங்கிக்கொண்டே இருக்கும். தொடக்கத்திலிருந்தே மறைகுறியான துறைகளையே பயன்படுத்துமாறு 2018-இன் தரக்குறிப்பு ஒன்று அறிவுறுத்துகிறது. புதிதாக அமைப்பவர்கள் அதையே பின்பற்றலாம். சான்றிதழ் பொருந்தாதபோது மட் மறுக்கவா, இம்முறை மட்டும் ஏற்கவா, என்றும் ஏற்கவா என்று கேட்கும். தொல்லை தீரட்டும் என்று 'என்றும்' என்பதை அழுத்துவது ஆபத்தான பழக்கம்.

2022-இல் மிகப் பெரிய தடை வந்தது. அந்த ஆண்டு மே 30 முதல் கூகுள், தனிநபர் கணக்குகளின் இயல்புக் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே போன்ற மாற்றத்தைச் செய்யத் தொடங்கியது. நேற்றுவரை ஓடிய மட், எந்த வரியும் மாறாமலே உள்ளே நுழைய முடியாமல் நின்றது. கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கெனத் தனிக் கடவுச்சொல் பெறுவது ஒரு வழி. மற்றது ஓஆத்: கடவுச்சொல்லின் இடத்தில் குறுகிய காலமே செல்லும் அனுமதிச் சீட்டைப் பெற்றுத் தரும் கட்டளையை அமைப்புக் கோப்பில் எழுதுவது. மட் தன் தொகுப்பிலேயே இதற்கான பைத்தான் நிரல் ஒன்றைத் தருகிறது. ஆனால் அது ஓட, நிறுவனத்திடம் ஒரு செயலியாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய பழுதுகளில் பெரும்பாலானவற்றைப் பயனர் தம் கோப்பைத் திருத்தித் தாமே தீர்த்துக்கொள்ள முடிந்தது. இங்கே முதன்முறையாகத் தீர்வின் திறவுகோல் வேறொருவர் கையில் இருக்கிறது. பாதுகாப்புக்கு இது நல்லதாகலாம். திறந்த நெறிமுறை என்ற மின்னஞ்சலின் அடிப்படைக்கு இது இழப்பே.

இத்தனைக்குப் பிறகும் எழுத்துத் திரை அஞ்சல் தேவைப்படும் இடம் லினக்ஸ் கெர்னல் வளர்ச்சி. அங்கே நிரல் திருத்தங்கள் மடலின் உடலிலேயே அனுப்பப்படுகின்றன. ஓர் இடைவெளி மாறினாலும் திருத்தம் பொருந்தாது. கெர்னலின் ஆவணங்களில் அஞ்சல் நிரல்களை அமைப்பது பற்றி ஒரு தனிப் பக்கமே இருக்கிறது. பைனின் வழித்தோன்றலான ஆல்பைனில் வரிகளை மடித்தொழுக விடும் வசதியை நிறுத்த வேண்டும், அனுப்புமுன் வரிக்கடை இடைவெளிகளைத் துடைக்கும் வசதியையும் நிறுத்த வேண்டும் என்று அது சொல்கிறது.

பைனின் உரிமம் திருத்திய பதிப்புகளைப் பகிரத் தடையாக இருந்தது. அதனால் பைக்கோவுக்கு மாற்றாகக் கிறிஸ் அலெக்ரெட்டா 1999-இல் எழுதிய தொகுப்பி நானோ ஆனது. பல்கலைக்கழகமே 2007-இல் பைனை அப்பாச்சி உரிமத்தில் ஆல்பைன் என்று மறுவெளியீடு செய்தது. மட்டிலிருந்து 2016-இல் நியோமட் கிளைத்தது. மட் 2.0 பதிப்பு 2020-இல் வந்தது. ஆல்பைன், மட், நியோமட் மூன்றும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

இவற்றில் ஒன்றை முதன்முறையாக அமைக்க நினைத்தால், பிறர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நீண்ட அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி வரிகள் அவர்களுடைய பழுதுகளுக்கான மருந்து. வெற்றுக் கோப்பில் தொடங்கி, பெயர், பெட்டியின் இடம், அனுப்பும் வழி ஆகியவற்றை மட்டும் எழுதி ஓட்டிப் பாருங்கள். பழுது வந்தால், அமைப்புக் கோப்பே இல்லாமல் நிரலைத் திறந்து பார்த்து, அப்போதும் பழுது இருக்கிறதா என்று கண்டுகொள்ளுங்கள். இருந்தால் குறை உங்கள் வரிகளில் இல்லை. சர்வரோடு நடக்கும் உரையாடலை மட் தன் பிழைப் பதிவுக் கோப்பில் எழுதும்படி செய்து படியுங்கள். அந்தப் பதிவில் கடவுச்சொல்லோ மடலின் பகுதிகளோ இருக்கக்கூடும் என்பதால், உதவி கேட்டுப் பிறருக்கு அனுப்புமுன் அவற்றை நீக்கிவிடுங்கள்.